நோவைப் பேரேட்டில் அடைக்கலாமோ?

போர்க்களத்திற்குப் புறப்படும் சிப்பாய்க்கு மேளம் உண்டு, கொடி உண்டு, வழியனுப்ப மந்திரிமார் உண்டு. மாண்டு திரும்பினால் மலர்வளையம் உண்டு. கல்லில் பெயரும் உண்டு. மாளாது திரும்பி, இருபது ஆண்டுக்காலம் முதுகைப் பிடித்துக்கொண்டு இரவெல்லாம் உறங்காது கட்டிலின் விளிம்பில் குந்தியிருப்பானாயின் அவனுக்கு என்ன உண்டு? எந்நாட்டுக் கொடிக்கம்பத்தின் அடியிலும் இக்கேள்வி எழுவதில்லை. வீரமென்றால் வாய் திறவாமை என்று உலகம் பாடம் படித்து வைத்திருக்கிறது. ஆதலால் ‘நோகிறது’ என்று வாய் திறந்த அக்கணமே வீரன் கோழையாகிறான். அல்லது உபகாரச் சம்பளத்திற்காக நடிக்கும் பாசாங்குக்காரனாகிறான். மாலை போட்ட கையே அவனைச் சுட்டிக்காட்டி நகைக்கிறது. இதனினும் பெரிய பித்தலாட்டம் உலகில் உண்டோ என்று நாம் கேட்கிறோம்.

இவ்வாறு கைவிடப்பட்டவனைக் கையேற்பதையே தொழிலாகக் கொண்ட வைத்தியர் சிலர் இருக்கின்றனர். அவர்களை நோவு வைத்தியர் என்போம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், படையை விட்டு வந்தோரின் நலனுக்காக 1930-ஆம் ஆண்டில் சர்க்கார் நிறுவிய இலாகா இன்றும் நடைபெறுகிறது. சுமார் 170 பெரிய ஆஸ்பத்திரிகள் அதற்கு உண்டு. அவற்றில் அறுவை வைத்தியர் அறுத்துத் தைப்பார். எலும்பு வைத்தியர் எலும்பைப் பொருத்துவார். இருவரும் ‘குணமாயிற்று’ என்று சீட்டெழுதி அனுப்பிவிடுவர். அச்சீட்டைக் கையில் பிடித்தபடியே ‘இன்னும் நோகிறது’ என்று எவன் சொல்கிறானோ, அவனே நோவு வைத்தியரின் நோயாளி. வியட்நாமிலிருந்து திரும்பிய கிழவரும், ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானத்திலும் சாலையோர வெடிகுண்டுக்குக் காலைப் பறிகொடுத்த இளைஞரும், கவச உடையும் மூட்டையும் சுமந்தே முழங்காலும் இடுப்பும் தேய்ந்தவரும் அவர் வாசலில் வந்து நிற்கின்றனர்.

‘அமெரிக்கச் சிப்பாயின் முதுகுவலியைப் பற்றி நமக்கென்ன? அந்நாடு செய்த யுத்தங்களுக்கு நீங்கள் வக்காலத்தோ?’ என்று சில தோழர்கள் கேட்கலாம். யுத்தத்திற்கு நாம் வக்காலத்தல்ல. யுத்தத்தை ஏவியவர் ஒருவர். அதில் உடைந்தவர் வேறொருவர். ஏவியவரைக் கண்டிக்க அஞ்சி, உடைந்தவரைக் கண்டிப்பது பகுத்தறிவாகாது. அன்றியும், அவ்விலாகாவில் கடந்த கால்நூற்றாண்டில் நிகழ்ந்தவை, கணக்கெழுதிப் பிழைக்கும் நம் போன்றோர்க்கும், உடலுழைத்துப் பிழைக்கும் நம் தொழிலாளத் தோழர்க்கும் ஒருங்கே பாடமாவன. நோவை நம்ப மறுப்பது ஒரு குற்றம். நோவை ஓர் எண்ணாக்கிப் பேரேட்டில் பதித்துவிட்டு, மனிதனை மறந்து எண்ணை ஆள முயல்வது பிறிதொரு குற்றம். இவ்விரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளே என்பதை நிலைநாட்டவே இதை எழுதுகிறோம்.

நோவுக்குச் சாட்சி எது?

‘புண் ஆறிவிட்டதே, பின் ஏன் நோகிறது?’ என்பதுதான் ஐயுறுவோரின் முதல் அம்பு. இவ்வம்பு புதிதன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டு யுத்தத்தின்போது, நரம்பில் காயமுற்ற சிப்பாய்களுக்கென்றே பிலடெல்பியா நகரில் டர்னர்ஸ் லேன் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே ஸைலஸ் வேய்ர் மிட்சல் என்னும் வைத்தியர் கண்டது யாது? குண்டு பாய்ந்த புண் ஆறிப்போயிருக்கும். ஆனால் கையோ காலோ தீப்பற்றியதுபோல் எரியும். காலில் எரிச்சலுற்றவர் பூட்ஸுக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தனர். பக்கத்தில் ஒருவர் செய்தித்தாளை மடக்கும் சலசலப்பும், பிறர் நடக்கையில் தரையில் எழும் அதிர்ச்சியும்கூட அவர்களைத் துடிக்கச் செய்தன. இல்லாத கால் நோகிறது, வெட்டி எறிந்த கையின் விரல்கள் மடங்கிக் குத்துகின்றன என்றும் பலர் முறையிட்டனர். மிட்சல் தம் துணைவர்களாகிய மோர்ஹவுஸ், கீன் என்பாரோடு சேர்ந்து 1864-இல் இந்நரம்புக் காயங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதே மூவர் அதே ஆண்டில், நோயாளிபோல் நடிக்கும் சிப்பாயைக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்றும் ஒரு கட்டுரை வரைந்தனர்! நம்பிக்கையும் ஐயமும் அன்று ஒரே கூரையின்கீழ், ஒரே வைத்தியர் நெஞ்சில் குடியிருந்தன. இன்றும் அவ்வீட்டை இரண்டும் காலி செய்யவில்லை.

எண்பது ஆண்டு சென்றபின், இரண்டாம் உலக யுத்தத்தில், இத்தாலியப் போர்முனையில் இருந்த ஹென்றி பீச்சர் என்னும் அமெரிக்க வைத்தியர் இதற்கு நேர்மாறான ஒன்றைக் கண்டார். கடுங்காயமுற்ற சிப்பாய்களில் நான்கில் மூன்று பங்கினர் நோவுக்கு மருந்து கேட்கவில்லை என்று 1946-இல் எழுதினார். ‘சாவினின்று தப்பினோம், யுத்தம் நமக்கு முடிந்தது’ என்னும் ஆறுதலே அவர்தம் நோவைத் தணித்திருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. பெரும்புண்ணில் சிறுநோவு, ஆறிய புண்ணில் பெருநோவு! இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். புண்ணை அளந்து நோவை அளக்க முடியாது என்பது வெள்ளிடை மலையன்றோ?

காரணமும் பின்னர் விளங்கலாயிற்று. நரம்பு வெறும் தந்திக்கம்பியன்று. மெல்சாக், வால் என்னும் இருவர் 1965-இல் ஒரு கொள்கையை வெளியிட்டனர். நோவுச் செய்தி மூளைக்குச் செல்லும் வழியில், முதுகுத்தண்டில் ஒரு கதவு இருப்பதுபோல் உளது; பிற நரம்புகளும் மூளையும் அதனைத் திறக்கவும் சாத்தவும் வல்லன என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் தேய்த்துவிட, நோவு சற்றுத் தணிகிறதல்லவா? அக்கதவு சிறிது சாத்தப்பட்டதென்று கொள்க. கொள்கையின் நுட்பங்கள் பிற்காலத்தில் திருத்தம் பெற்றன; அடிப்படை நிலைத்தது. நெடுநாள் நோவில் அக்கதவு திறந்தபடியே நின்றுவிடுகிறது. திருடன் ஓடிப்போன பின்னும் விடியுமட்டும் குரைக்கும் நாயைப்போல நரம்பு குரைத்துக்கொண்டே இருக்கிறது. நாய் குரைப்பது பொய்யா? திருடன் இல்லை என்பதற்காக நம் காது கேட்கவில்லை என்று சொல்லலாமா?

இல்லாத காலின் நோவுக்கு வழி காட்டியவர்களுள் ஒருவர் தமிழ்நாட்டவர் என்பதை நம் மக்கள் அறிதல் வேண்டும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன், 1990-களில் ஒரு நிலைக்கண்ணாடியைக் கொண்டு, இழந்த கை மீண்டும் வந்து அசைவதுபோல் நோயாளியின் கண்ணுக்குக் காட்டினார். சிலருக்கு நோவு தணிந்தது. பின்னர் வாஷிங்டன் நகரின் வால்டர் ரீட் ராணுவ ஆஸ்பத்திரியில், கால் இழந்தவர் 22 பேரை மூன்று பிரிவாக்கிச் சோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டனர். நான்கு வாரம் முடியுமட்டும் நிலைத்தவர் 18 பேர். கண்ணாடியைப் பார்த்துப் பயின்ற 6 பேருக்கும் நோவு குறைந்தது. மூடிய கண்ணாடியின்முன் பயின்ற 6 பேரில் ஒருவருக்கே குறைந்தது. சிறிய சோதனைதான், எல்லார்க்கும் பலிக்கும் என்று நாம் முழங்கவில்லை. ஆயினும் கடைத்தெருவில் விற்கும் ஒரு கண்ணாடி, ‘உன் இல்லாத கால் நோகிறதென்பதை நான் நம்புகிறேன்’ என்று சொன்ன ஒருவர் கையில்தான் மருந்தாயிற்று. நம்பாதவர் கையில் அது முகம் பார்க்கவே உதவும்.

சிம்மாசனம் ஏறிய எண்

இனி இரண்டாவது குற்றத்திற்கு வருவோம். 1999-இல் அவ்விலாகா ஓர் உத்தரவு பிறப்பித்தது. நாடித் துடிப்பு, மூச்சு, காய்ச்சல், இரத்த அழுத்தம் என்னும் நான்கோடு நோவையும் ஐந்தாவதாகச் சேர்த்து, வரும் நோயாளி ஒவ்வொருவரையும் ‘உன் நோவு பூஜ்யம் முதல் பத்துவரை எத்தனை?’ என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும் என்பதே அது. நோக்கம் நன்று, கேட்பாரற்றுக் கிடந்த நோவைக் கேட்கச் செய்தது. நாம் அதைப் பழிக்கவில்லை. பழிக்க வேண்டியது அதன்பின் நடந்ததை.

பேரேட்டின் குணம் நம் போன்ற தோட்டத்துக் கிராணிகளுக்குத் தெரியாததா? ஒரு கட்டம் கீறினால் அக்கட்டம் நிரம்பியாக வேண்டும். நிரம்பிய ஏடு மேலிடத்திற்குப் போகும். மேலிடம் கூட்டிப் பார்க்கும். கூட்டல் ஒத்தால் தோட்டம் செம்மையாயிருக்கிறதென்று பொருள். இடுப்பொடிந்து ‘பேர்’ முடித்தவன் எவன், இளைப்பாறி முடித்தவன் எவன் என்று கூட்டலில் தெரியவே தெரியாது. அவ்வாறே அங்கும். நோவை எண்ணாக எழுதத் தொடங்கியதால் மட்டும் வைத்தியத்தின் தரம் உயரவில்லையென்று, அவ்விலாகாவின் ஆஸ்பத்திரி ஒன்றிலேயே ஆராய்ந்து 2006-இல் வெளியிட்டனர். எண் எழுதப்பட்டது, மனிதன் கேட்கப்படவில்லை.

எட்டு என்று எழுதிய கை, எட்டுக்கு ஏதேனும் செய்தாக வேண்டும். உட்கார்ந்து கேட்க நேரம் கொடுக்கப்படவில்லை. ஆனால் மாத்திரை அருகிலேயே இருந்தது. 1996-இல் பர்டியு என்னும் மருந்துக் கம்பெனி, ‘ஆக்ஸிகாண்டின்’ என்ற அபினின மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதனால் அடிமைப்படுவோர் அரியர் என்று நாடெங்கும் பறைசாற்றப்பட்டது. அப்பறைக்குத் தோலாய் அமைந்தவற்றுள் ஒன்று, 1980-இல் ஒரு வைத்தியச் சஞ்சிகைக்கு வந்த ஐந்தே வாக்கியக் கடிதம்! ஆஸ்பத்திரியில் படுத்திருந்து அபினின மருந்து பெற்ற 11,882 பேரில் புதிதாய் அடிமைப்பட்டவர் நால்வர் மட்டுமே என்றது அக்கடிதம். வீட்டிலிருந்து மாதக்கணக்காய், ஆண்டுக்கணக்காய் உண்போரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும் பிற்காலத்தார் அதனை 608 முறை எடுத்துக்காட்டினர் என்றும், அவர்களுள் பத்தில் ஏழுபேருக்குமேல் அடிமைத்தனம் அரிது என்பதற்கே சான்றாகக் காட்டினர் என்றும் 2017-இல் எண்ணிச் சொன்னார்கள். படித்தவர் கூட்டம் படியாமலே சான்று காட்டிய விந்தை இது! மருந்தின் தீங்கை மறைத்து விற்ற குற்றத்தை அக்கம்பெனியைச் சார்ந்த நிறுவனம் 2007-இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்ளுமுன் எத்தனை இல்லங்கள் இருண்டன!

2014-இல் விஸ்கான்ஸின் மாநிலத்து டோமா என்னும் ஊரில், படைவீரர் ஆஸ்பத்திரியின் படுக்கையிலேயே, 35 வயதுடைய முன்னாள் கடற்படைச் சிப்பாய் ஒருவன், ஒன்றன்மேல் ஒன்றாய்த் தரப்பட்ட பல மருந்துகளின் கூட்டு நஞ்சால் மாண்டான். போரில் மாளாதவன், போர்வீரரைக் காக்கக் கட்டிய கட்டிடத்தில் மாண்டான்! 2016-இல் நிறைவேறிய ஒரு சட்டப் பகுதிக்கு அவன் பெயரையே சூட்டினார்கள். மீண்டும் அதே கதை: செத்தபின் பெயர் உண்டு.

இனி, தராசு மறுபுறம் சாய்ந்ததைக் கேளுங்கள். 2013-இல் அவ்விலாகா அபினின மருந்தைக் குறைக்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. 2012-இல் அம்மருந்து பெற்ற படைவீரர் 8 லட்சத்து 74 ஆயிரம் பேருக்கு மேல். 2020-இல் 3 லட்சத்து 13 ஆயிரம் பேர். குறைத்தது பிழையென்று நாம் சொல்லவில்லை, குறைக்க வேண்டியதே. ஆனால் குறைத்த விதம் யாது? 2016-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு நிலையம் வைத்தியர்க்கு யோசனையாக ஓர் அளவைக் கூறிற்று. நாடெங்கும் பல அலுவலகங்கள் யோசனையைச் சட்டமாக்கின. அளவைக் கடந்தவனைக் குற்றவாளியாக்கின. பத்தாண்டு அம்மருந்தை வைத்தியரே கொடுக்க உண்டவனுக்கு, ஒரு காலைப்பொழுதில் கதவடைக்கப்பட்டது.

விளைவு என்ன? 2013-ஆம் கணக்காண்டில் அம்மருந்து பெற்ற படைவீரர் 13 லட்சத்து 94 ஆயிரம் பேரின் ஏடுகளை ஆராய்ந்து 2020-இல் முடிவை வெளியிட்டனர். மிகையாக உண்டும் தற்கொலை செய்தும் மாண்டவர் 2,887 பேர். மருந்து தொடங்கிய பின்னும் சாவு மிகுந்தது. மருந்து நிறுத்திய பின்னும் சாவு மிகுந்தது. நெடுங்காலம் உண்டவர் நிறுத்தியபோது ஆபத்து இன்னும் மிகுந்தது. திடீரென நிறுத்தாதீர் என்று 2019-இல் மருந்து நிர்வாகத்தார் எச்சரித்தனர். 2022-இல் நோய்த்தடுப்பு நிலையமும் தன் யோசனையைத் திருத்தி, இதை இரும்புச் சட்டமாகக் கொள்ளலாகாது என்று விளக்கிற்று. மாண்டவர் காதில் அவ்விளக்கம் விழுமோ? ஏற்றும்போதும் எண்ணைப் பார்த்தனர். இறக்கும்போதும் எண்ணைப் பார்த்தனர். முகத்தைப் பார்த்தவர் எத்துணை பேர்?

வைத்தியர் செய்யும் வேலை

முகத்தைப் பார்த்தவர்களும் இருந்தனர். இரண்டாம் உலக யுத்தத்தின்போது வாஷிங்டன் மாநிலத்து ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஜான் பொனிகா என்னும் வைத்தியர் வேலை பார்த்தார். இத்தாலியத் தீவொன்றில் 1917-இல் பிறந்து, முகமூடியணிந்து மல்யுத்தம் செய்து சம்பாதித்து வைத்தியம் படித்தவர் அவர். மல்யுத்தம் தந்த நோவைத் தம் உடலிலேயே ஆயுள் முழுதும் சுமந்தார். நரம்பறிந்தவர், எலும்பறிந்தவர், மனமறிந்தவர் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து ஒரே நோயாளியைப் பற்றிப் பேசினாலன்றி நெடுநோவு தீராது என்று கண்டு, 1953-இல் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். இன்றைய நோவு வைத்தியம் அம்மேசையிலிருந்து எழுந்ததே.

அம்மேசையில் நடப்பதென்ன? வந்தவனை வைத்தியர் முதலில் பேசவிடுகிறார். எங்கே நோகிறது என்பதோடு, எப்போது உறங்குகிறாய், யாரோடு வசிக்கிறாய், எதைச் செய்ய முடியாமற் போயிற்று என்றும் கேட்கிறார். நோவும் யுத்த நினைவும் ஒன்றையொன்று ஊட்டி வளர்ப்பன. வெடியோசையைக் கனவில் கேட்டு விழித்தவனுக்கு இடுப்பு நோகிறது. இடுப்பு நொந்து விழித்தவனுக்கு வெடியோசை கேட்கிறது. ஆகவே ஒன்றை மட்டும் தீர்ப்பேன் என்பவர் இரண்டையும் தீரார். சிலருக்கு ஊசியால் நரம்பை மரக்கச் செய்வர், சிலருக்கு அளவிட்ட உடற்பயிற்சி, சிலருக்கு மனநூல் அறிந்தவரோடு பல வாரப் பேச்சு, வேண்டுமிடத்து மருந்து. அபினின மருந்தைக் குறைக்க வேண்டியவனுக்கு அவனையே கலந்து, சிறுகச் சிறுக, மாதக்கணக்கில் குறைப்பர். குறைக்கும் நாளெல்லாம் உடனிருப்பர். நோவை அடியோடு ஒழிப்பேன் என்று நேர்மையான நோவு வைத்தியர் எவரும் வாக்களிப்பதில்லை. பேரனைத் தூக்கும் அளவுக்கு, கடைவரை நடக்கும் அளவுக்கு உன்னை மீட்போம் என்பதே அவர் வாக்கு.

‘மாத்திரையைப் பிடுங்கினால் நோயாளி துடிப்பான், வேறு வழியில்லை’ என்பாரும் உளர். அவ்விலாகாவின் மினியாபொலிஸ் ஆஸ்பத்திரியைச் சார்ந்தோர், முதுகும் இடுப்பும் முழங்காலும் நொந்த 240 பேரை ஓராண்டு சோதித்து 2018-இல் வெளியிட்ட முடிவு அவர் வாயை அடைக்கும். அபினினம் உண்டவர், உண்ணாது வேறு மருந்து பெற்றவரைவிட நோவிலோ நடமாட்டத்திலோ நன்றாயில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே மருந்து பெறாதவர் கைவிடப்படவில்லை, வேறு மருந்தும், அதை மாற்றி மாற்றிப் பார்த்த மனிதரும் அவர்க்கு இருந்தனர். மருந்தை நிறுத்துவது வேறு. மனிதனை நிறுத்துவது வேறு.

நம் வாசலில்

தோழர்களே! படைவீரனை விட்டு நம் வீட்டைப் பாருங்கள். நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கிழவிக்குத் தோள் தூக்க முடியவில்லை. நீளக் கம்பால் செம்பனைக் குலை அறுத்தவனுக்குக் கழுத்துத் திரும்பவில்லை. நாம் என்ன சொல்கிறோம்? ‘வயதாயிற்று’ என்கிறோம், ‘முன்வினை’ என்கிறோம், ‘எம்.சி. சீட்டுக்கு நடிக்கிறான்’ என்கிறோம். வினையென்பது நோவைக் கேட்க மனமில்லாதவன் கண்டுபிடித்த மருந்து. அதற்குக் காசும் வேண்டாம், வைத்தியரும் வேண்டாம். பொறுத்துக்கொள்வதே பெண்ணுக்கு அழகு என்பதும், அழாதவனே ஆண்பிள்ளை என்பதும் அதே கடைச் சரக்கே. கேட்பாரற்ற நோவு கடைசியில் சாராயப் புட்டியைக் கண்டுபிடிக்கிறது; அப்போதுமட்டும் நாம் ஒழுக்கம் பேச ஓடி வருகிறோம்.

மற்றொரு மூடத்தனத்தையும் முன்கூட்டியே தடுக்க விரும்புகிறோம். அமெரிக்கக் கதையைக் கேட்டுவிட்டு, ‘அபினினம் நஞ்சு, புற்றுநோயால் துடிக்கும் தாய்க்கும் மார்பீன் வேண்டாம்’ என்று சொல்பவர் கிளம்புவர். புற்றுநோயின் நோவுக்குப் படிப்படியாக மருந்தேற்றி, வேண்டுமிடத்து மார்பீனும் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 1986-இலேயே கூறியது. உலகில் ஆண்டுதோறும் வழங்கப்படும் இவ்வகை மருந்து சுமார் 298 டன் என்றும், அதில் மிக ஏழை நாடுகளுக்குக் கிட்டுவது ஒரு டன்னில் பத்தில் ஒரு பங்கே என்றும் 2017-இல் ஓர் ஆராய்ச்சிக் குழு காட்டிற்று. ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் வறட்சி. இரண்டிலும் சாகிறவன் ஏழை.

ஆகவே நாம் கோருவன மூன்று. நோவென்று சொல்பவனை முதலில் நம்புங்கள். ஆராய்வதை அதன்பின் ஆராயுங்கள். நோவு வைத்தியருக்கு மாத்திரைக் கணக்கைக் கேட்குமுன், நோயாளியின் சொல்லைக் கேட்க நேரம் கொடுங்கள், நேரமும் மருந்தே. எண்ணை எழுதுங்கள், ஆனால் எண்ணுக்கு ஆளும் உரிமை கொடாதீர்கள். அது எழுதப்படவே பிறந்தது, ஏவப் பிறந்ததன்று. பேனா பிடித்துப் பிழைக்கும் நாமே இதைச் சொல்கிறோம்: பேரேட்டில் எந்தக் கட்டமும் இதுவரை நொந்ததில்லை. நோவது மனிதன்.